பூக்காத கொம்புல ஒத்தைக் காய்

என்னை வாயாடின்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். வாயுள்ள புள்ள பொழைக்கும்னு பெரியவங்க சும்மாவா சொல்லி வெச்சாங்க? எம் புள்ள பொழைச்சதே என் வாயாலதான். எம் பேரு பாவாயி. நாமகிரிப்பேட்டைக்கு வடக்கால ரெண்டு மைலு நடந்தா எங்க ஊரு. மேட்டூர் அணை கட்டி முடிச்ச மறு வருசம் நடந்ததைச் சொல்றேன். நடுவுல குறுக்கே பேசாம கேளுங்க, எனக்கு அது புடிக்காது.

அந்த வருசம் ஆடி மாசம் நல்ல மழை. கடலைக்காய்க் காடு பூரா பயிரை விடக் களை ஒசரமா நின்னுது. எம் புருசன் சின்னண்ணன் கெணறு வெட்டப் போன எடத்துல காலை ஒடிச்சுக்கிட்டு ஊட்டோட கெடந்தாரு. எனக்குக் கைக்கொழந்தை, பொறந்து மூணு மாசம். அவனைத் தூக்கிக்கிட்டு ராசப்பப் பண்ணாடி காட்டுக்குக் களை வெட்டப் போனேன். பண்ணாடின்னா எங்க பக்கத்துல காட்டுக்குச் சொந்தக்காரரு. அந்தச் சுத்துவட்டாரத்துல அன்னாடம் வேலை இருந்த காடு அது ஒண்ணுதான்.

களை வெட்டு எப்படின்னா, பொம்பளைங்க பத்துப் பன்னண்டு பேரு வரிசையா குந்திக்கணும். அதுக்கு நெரைன்னு பேரு. இந்த வரப்புல ஆரம்பிச்சா அந்த வரப்பு வரைக்கும் ஒருத்தி முன்னால போகாம ஒருத்தி பின்னால நிக்காம வெட்டிக்கிட்டே போகணும். வெயிலு மண்டையைப் பொளக்கும். இடுப்பு கழண்டு உழுகும். வலி தெரியாம இருக்கறதுக்கு நாங்க விடுகதை போட்டுக்குவோம். இந்த வரப்புல போட்ட விடுகதையை அந்த வரப்பைத் தொடறதுக்குள்ள அவுக்கணும். அவுக்காட்டி, போட்டவ கேக்கறதைக் குடுக்கணும். ஒரு வெத்தலையோ, ஒரு வாய்ப் பொகையிலையோ, பேன் பாத்து உடறதோ, என்னமோ ஒண்ணு. குடுத்தப்புறந்தான் விடையைச் சொல்லுவோம். குடுக்காதவளுக்கு விடை கெடையாது.

இதுல இன்னொரு மொறை இருக்குது. நெரை ஓடறப்போ அதுக்குள்ள யாரு கால் வெச்சாலும் அவங்களும் விடுகதைக்குக் கட்டுப்பட்டவங்க. அது பண்ணாடியா இருந்தாலும் சரி, பண்ணாடிச்சியா இருந்தாலும் சரி. ராசப்பனோட அப்பாரு இருந்த காலத்துல வேணும்னே வந்து நெரைக்குள்ள நிப்பாரு. ஒலக்கையைப் பத்திப் போட்டா அகப்பைம்பாரு, அகப்பையைப் பத்திப் போட்டா ஆட்டுக்கல்லும்பாரு. அத்தனையும் தெரிஞ்சே தோப்பாரு. தோத்துப்போட்டு மடியில கட்டி வெச்சிருக்கற வெல்லத்தை ஆளுக்கொரு துண்டு குடுப்பாரு. எங்களுக்கும் தெரியும் அவரு தெரிஞ்சே தோக்கறாருன்னு. அப்புறம் அவருக்காக ரெண்டு சாலு சேத்தியே வெட்டுவோம்.

மகன் அப்படியில்லை. ராசப்பன் சேலத்துப் பள்ளிக்கூடத்துல நாலு எழுத்துப் படிச்சவரு. அப்பாரு போனப்புறம் காட்டைப் பாத்துக்க வந்தாரு, வரும்போது சட்டைப் பையில சங்கிலி போட்ட கடியாரம் ஒண்ணும் கூடவே வந்துச்சு. அதை எடுத்து எடுத்துப் பாப்பாரு. நாங்க தண்ணி குடிக்கப் போனா பாப்பாரு, மூத்தரம் பேயப் போனா பாப்பாரு. மாரியம்மன் கூட எங்களை அப்படிக் கண்காணிச்சதில்லை.

பாத்துப் பாத்து ஒரு சட்டம் போட்டாரு. கைக்கொழந்தை வெச்சிருக்கறவ நெரையை உட்டு நெனச்ச நேரத்துக்கு எந்திரிக்கக் கூடாதாம். மத்தியானம் கடியாரத்துல பன்னண்டு ஆனா ஒருக்கா, மூணு ஆனா ஒருக்கா, அப்பத்தான் போயிப் பால் குடுக்கோணுமாம். நடுவுல எந்திரிச்சா மொதத் தரம் எச்சரிக்கை, ரெண்டாந்தரம் எச்சரிக்கை, மூணாந்தரம் எந்திரிச்சா அந்தக் காட்டுப் பக்கமே வரக்கூடாதாம். அந்த நெரையில கைக்கொழந்தைக்காரி நான் ஒருத்திதான். சட்டம் யாருக்குன்னு கேக்கோணுமா?

அழுத புள்ள பால் குடிக்கும்பாங்க. எம் புள்ள அழுதும் குடிக்கலை. காட்டு ஓரத்து வேப்ப மரத்துல பழஞ்சேலையில தூளி கட்டி அவனைப் போட்டிருந்தேன். திங்கக்கெழமை அவன் கத்துனப்போ ஓடிட்டேன். ஒரு எச்சரிக்கை ஆச்சு. செவ்வாக்கெழமை பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து பாத்தேன். அவன் கத்திக் கத்தி, திடீர்னு சத்தம் நின்னு போச்சு. ஐயோன்னு ஓடிப் போயிப் பாத்தா மொகம் நீலமாக் கெடக்குது, மூச்சை இழுக்கவே மாட்டேங்குறான். மூஞ்சியில தண்ணியடிச்சு, முதுகைத் தட்டி, அப்புறந்தான் மூச்சு வந்துச்சு. அதுக்கும் ஒரு எச்சரிக்கை. கடியாரத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, பதினொண்ணே காலுன்னு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நாளைக்கு எந்திரிச்சா வேலை போச்சு. புருசன் காலு ஒடிஞ்சு கெடக்கறாரு, ராகிப் பானை அடியைத் தொட்டாச்சு. எந்திரிக்காட்டி புள்ள போயிருவான். பயமா இருந்துச்சு, அதை விட ஆத்திரமா இருந்துச்சு. பசிக்குக் கடியாரம் கட்டறவனை நான் அதுக்கு முன்னால பாத்ததில்லை.

புதங்கெழமை வெடியால நெரை புடிச்சோம். நெரைக்குத் தலைவி பழனியம்மாக்கா. அம்பது வயசு, வாயில எப்பவும் வெத்தலை, ஒரு வார்த்தையைக் கூட வீணா செலவழிக்காதவ. நான் புள்ளைக்கு வயிறு நெறையக் குடுத்துப் போட்டுத்தான் வந்தேன். அவன் தூங்கிட்டான். ஆனாலும் எங்காது பூராவும் அந்த மரத்துலதான் இருந்துச்சு.

பொழுது பத்து மணிக்கு ஏறியிருக்கும். ராசப்பப் பண்ணாடி வந்தாரு. கூடவே அவரு சம்சாரம் சௌந்திரம் அம்மா, அவருக்கு மோர்ச் செம்பு எடுத்துக்கிட்டு. அவங்களுக்கும் கைக்கொழந்தை உண்டு, எம் புள்ளைக்கு ஒரு மாசம் மூத்தது, ஊட்டுல விட்டுப் போட்டு வந்திருந்தாங்க. அந்தம்மா நல்ல மாதிரிதான். ஆனா புருசன் பக்கத்துல இருந்தா வாயைத் தொறக்காது.

பண்ணாடி நெரைக்குப் பின்னால வந்தாரு. நான் வெட்டாம உட்ட ஒரு கோரைப் புல்லைப் புடுங்கிக்கிட்டு, இது என்னன்னு கேட்டுக்கிட்டே நெரைக்குள்ள வந்து நின்னுட்டாரு. பழனியம்மாக்கா வெத்தலையைத் துப்பிப்போட்டுச் சொன்னா, பண்ணாடி நெரைக்குள்ள கால் வெச்சுட்டாருடின்னு. பொம்பளைங்கெல்லாம் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல அவரும் கொஞ்சம் எளகி, சரி போடுங்க பாக்கலாம்னாரு. அவரு அப்பாருக்கு இருந்த பாதி புத்தி இருந்திருந்தா, மொத விடுகதைக்கே தோத்துப்போட்டு வெல்லத்தைக் குடுத்துப் போயிருக்கலாம். அதோட முடிஞ்சிருக்கும். ஆனா அவரு படிச்சவரில்லையா, ஜெயிக்கணும்னு நெனச்சுப்போட்டாரு.

அக்கா போட்டா: ஊட்டுக்காரி குத்தறா, குத்து வாங்கறவன் கத்தலை, குத்துனவளுக்குத்தான் கை வலிக்குது. ஒரல்னு பட்டுனு சொல்லிட்டாரு. அடுத்து கடைசியில இருந்த செல்லாயி போட்டா: சோடியாப் பொறந்து சோடியா நடந்து, ஊட்டு வாசல் வந்தா வெளியிலயே நின்னுக்குவாங்க. செருப்புன்னு அதையும் சொன்னாரு. சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பு. நெரையில ஒருத்தரும் சிரிக்கலை. அந்தக் காட்டுல ஒரு பண்ணாடி ஜெயிச்சு நாங்க பாத்தது அதுதான் மொதத் தடவை. என்ன பண்றதுன்னே எங்களுக்குத் தெரியலை.

இப்ப நான் போடறேன்னாரு. பன்னண்டு ஊடு, ரெண்டு ஆளு, ராவும் பகலும் நடப்பாங்க, ஒரு அடி கூட வெளியில வைக்க மாட்டாங்க, அது என்னன்னாரு. எங்களுக்குத் தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு. நான் களைக்கொத்தைக் கீழ வெக்காமயே சொன்னேன், உங்க சட்டைப் பையில தொங்குதுங்களே, அதுதானுங்கன்னு. அவரு மொகம் சுண்டிப் போச்சு. உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாரு. ரெண்டு நாளா அதைத்தானுங்க பாத்துக்கிட்டிருக்கறேன்னேன்.

எனக்கு அப்பத்தான் அந்த எண்ணம் வந்துச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன? எப்படியும் இன்னைக்கு அவன் கத்தப் போறான், நான் எந்திரிக்கப் போறேன், வேலை போகப் போகுது. போறது வாயைத் தொறந்துப்போட்டுப் போகட்டும்னு களைக்கொத்தை மடியில வெச்சுக்கிட்டு நிமுந்தேன்.

"பண்ணாடி, நான் ஒண்ணு போடறனுங்க. நீங்க அவுத்துட்டா நாளையிலிருந்து நான் இந்தக் காட்டுப் பக்கம் வரலை, நீங்க சொல்லோணும்னே இல்லை. வரப்பைத் தொடறதுக்குள்ள அவுக்காட்டி, நான் கேக்கறதைக் குடுக்கோணும்."

என்ன கேப்பேன்னு கேட்டாரு. வெல்லமெல்லாம் வேண்டாமுங்க, எம் புள்ள அழுதா நான் எந்திரிச்சுப் போவேன், கடியாரத்தைப் பாக்க மாட்டேன், அதுதானுங்கன்னேன். நெரை அப்படியே நின்னு போச்சு. பழனியம்மாக்கா என்னைத் திரும்பிப் பாத்தா. வேண்டாம்னு சொல்லலை. சௌந்திரம் அம்மா செம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாத்துனாங்க. பண்ணாடி ஒரு மாதிரி சிரிச்சுப்போட்டு, போடு பாக்கலாம்னாரு.

நான் போட்டேன்.

"பூக்காத கொம்புல ஒத்தைக் காய். வெடியால காய்க்கும், பொழுதோட எறங்கும். காத்தடிச்சா தூங்கும், காத்து நின்னா கத்தும். ஆட்டறதுக்கு ஆளுண்டு, அறுக்கறதுக்கு ஆளில்லை. அது என்னங்க?"

பழனியம்மாக்காவுக்கு அந்த எடத்துலயே தெரிஞ்சு போச்சு. அவ குனிஞ்சுக்கிட்டா. மத்தவளுகளும் ஒருத்தி பின்னால ஒருத்தியாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒருத்தி கூட அந்த வேப்ப மரத்துப் பக்கம் திரும்பலை. அவளுக நல்லவளுக. இல்லாட்டி அவளுக கண்ணே அவருக்கு விடையைக் காட்டிக் குடுத்திருக்கும். உங்களுக்கு இன்னேரம் தெரிஞ்சிருக்கோணும். தூளிதான். எம் பழஞ்சேலைத் தூளி, அதுக்குள்ள எம் புள்ள.

நெரை நகர ஆரம்பிச்சுது. பண்ணாடி கூடவே நடந்தாரு. வவ்வால்னாரு. இல்லீங்கன்னேன். தூக்கணாங்குருவிக் கூடுன்னாரு. அது கத்தாதுங்களேன்னேன். மாட்டுக் கழுத்து மணின்னாரு, காத்துக்குத் தூங்கற மணி எந்த ஊர்ல இருக்குதுன்னு செல்லாயி கேட்டா. அவரு கடியாரத்தை எடுத்தாரு. ஒரு பத்து நிமிசம் குடுன்னாரு. நெரைக்குக் கடியாரம் இல்லீங்க, வரப்புதானுங்க கணக்குன்னு அக்கா சொல்லிப்போட்டா.

அப்புறம் நடந்ததை நெனச்சா இன்னைக்கும் எனக்குச் சிரிப்பு வருது. ரெண்டு மாசமா வெரசா வெட்டு, வெரசா வெட்டுன்னு எங்க உசுரை எடுத்த மனுசன், கொஞ்சம் மெதுவாப் போங்களேன்னாரு. மெதுவாப் போனா வேலை கெடுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்கன்னா பழனியம்மாக்கா. அன்னைக்கு நாங்க வெட்டுன வேகத்துல என்னைக்கும் வெட்டுனதில்லை. களையும் ஒண்ணு உடலை.

வரப்புக்குப் பத்துப் பதினஞ்சு அடி இருக்கறப்போ காத்து நின்னுது. வேப்ப மரத்து எலை அசையலை. தூளிக்குள்ளிருந்து மொதல்ல ஒரு சிணுங்கல். அப்புறம் ஒரு வீறல். அப்புறம் நிக்கவே இல்லை.

எனக்கு மாரு சொரந்து மாராப்பு நனைஞ்சு போச்சு. எங்களுக்கேது ரவிக்கை, பாலு வயித்து வரைக்கும் எறங்குது. எந்திரிச்சா மூணாந்தரம், வேலை போச்சு. எந்திரிச்சு அந்த மரத்துப் பக்கம் ஓடுனா விடையும் போச்சு. நான் மண்ணை வெட்டறனா என் காலை வெட்டறனான்னு எனக்கே தெரியலை. விடை அங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்குது. அவரு காதுல அது உழுகாமயா இருக்கும், இப்பச் சொல்லிப்போடுவாரு, இப்பச் சொல்லிப்போடுவாருன்னு நானு செத்துக்கிட்டிருந்தேன்.

பண்ணாடி நெத்தியைத் தேச்சுக்கிட்டே நின்னாரு. ஒரு கையை அந்தப் பக்கமா வீசுனாரு, ஆனா மொகத்தைத் திருப்பலை.

"அட, அந்தச் சத்தத்தை யாராச்சும் நிறுத்துங்க. மனுசன் யோசிக்க வேண்டாமா?"

பன்னண்டு களைக்கொத்தும் அப்படியே நின்னுது. அப்புறம் எந்திரிச்சேன். நிறுத்தட்டுங்களா பண்ணாடின்னு கேட்டேன். நிறுத்துன்னுதான சொல்றேன்னாரு. நெரையில இருந்த அத்தனை பேரும் கேட்டாங்க. நான் ஓடலை. நிதானமா நடந்து போனேன், தூளியிலிருந்து எடுத்தேன், மரத்தடியில குந்தி அவனுக்குக் குடுத்தேன். அவன் விக்கி விக்கிக் குடிச்சான். நான் அழுதேன்னு சொல்றதுல எனக்கொண்ணும் வெக்கமில்லை.

அங்கிருந்தே பாத்தேன். பழனியம்மாக்கா தன்னோட பங்கையும் வெட்டி, என்னோட பங்கையும் வெட்டி, களைக்கொத்தால வரப்பைத் தொட்டா. முடிஞ்சுதுங்க பண்ணாடின்னா.

நான் புள்ளையை மாரோட வெச்சுக்கிட்டே வந்தேன். அவரு அப்பாரு மாதிரியே மடியில கை உட்டுச் சில்லறையை எடுத்தாரு. ஆளுக்கொரு துண்டு வெல்லம் வாங்கிக்கங்க, போதும்னாரு. நான் கையை நீட்டலை. ஒருத்தியும் நீட்டலை. அவரு கோவமாயிட்டாரு. விளையாட்டு வேற, வேலை வேற, இன்னைக்கு நீ எந்திரிச்சது மூணாந்தரம்னு ஆரம்பிச்சாரு. நீங்க எந்திரிக்கச் சொல்லித்தானுங்க எந்திரிச்சேன்னேன். அப்படின்னா உன்ற விடுகதையே தப்பு, அப்படியொரு பொருளே கெடையாதுன்னு அந்தப் பக்கம் தாவுனாரு. தாவிப்போட்டு, சௌந்திரம் அம்மாவைப் பாத்து, உனக்குத் தெரியுமா, இப்படி ஒண்ணு உண்டான்னு கேட்டாரு.

அந்தம்மா ரெண்டு கையாலயும் முந்தானையை நெஞ்சோட இழுத்துப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எம் புள்ள அழுத அழுகைக்கு அவங்களுக்கும் சொரந்திருச்சு. பட்டு ரவிக்கைன்னா என்ன, அதுவும் நனையத்தான் செஞ்சுது.

"தெரியும். சொல்லமாட்டனுங்க. நீங்க குடுக்க வேண்டியதை மொதல்ல குடுங்க."

அந்தம்மா வாயைத் தொறந்து அவரு முன்னால நாங்க கேட்ட மொத வார்த்தை அதுதான். பழனியம்மாக்கா தன்னோட களைக்கொத்தை வரப்பு மேல குத்தி நிறுத்துனா. செல்லாயி அதுக்குப் பக்கத்துல குத்துனா. ஒண்ணொண்ணாப் பன்னண்டும் நின்னுது. காட்டுல இன்னும் முக்காவாசிக் களை அப்படியே கெடக்குது, மேல மழை மூட்டம் கட்டிக்கிட்டு வருது. அவரு களைக்கொத்துகளைப் பாத்தாரு, மழையைப் பாத்தாரு, சம்சாரத்தைப் பாத்தாரு. கடைசியாக் கடியாரத்தையும் பாத்தாரு, அது என்ன சொல்லும்? சரி, போய்க்கோ, எப்ப வேணாப் போய்க்கோன்னு சொல்லிப்போட்டு இட்டேரி வண்டித்தடத்துப் பக்கமாத் திரும்பி நடந்தாரு. குடுத்துப்போட்டாரு, விடையைக் கேக்கறதுக்கு நிக்கலை.

அதுக்கப்புறம் அவரு நெரைக்குள்ள கால் வெக்கலை. வரப்பு மேலயே நின்னுக்குவாரு. எம் புள்ள அழுதா நான் எந்திரிச்சுப் போவேன். மறு வருசம் செல்லாயிக்குப் பொறந்துச்சு, அவளும் எந்திரிச்சுப் போனா. அவருக்கு எப்படியோ இருந்திருக்கும், எனக்கென்ன?

நாலஞ்சு வருசம் கழிச்சு ஒரு நாளு சந்தையில சௌந்திரம் அம்மாவைப் பாத்தேன். பேச்சுவாக்குல கேட்டேன், அன்னைக்குப் போட்ட விடுகதைக்கு விடை என்னன்னு பண்ணாடிகிட்டச் சொல்லிட்டீங்களான்னு. அந்தம்மா பூசணிக்காயைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

"அவரு கேட்டாச் சொல்லலாம்னுதான் இருக்கறேன், பாவாயி. அதுக்கப்புறம் ரெண்டு பெத்துட்டேன். ரெண்டுக்கும் அவரு தலைமாட்டுலயேதான் தூளி தொங்குச்சு. இன்னும் கேக்கலை."